பனிக்கு ஒரு ஃபேட் பைக்: முதலில் டயர், கடைசியில் ஃபிரேம்

ஃபேட் பைக் என்ற பெயரைக் கேட்டு மோட்டார் வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். பெடல் மிதித்து ஓட்டும் சைக்கிள்தான். டயர் மட்டும் 4 முதல் 5 அங்குல அகலம் இருக்கும். சாதாரண மலைச் சைக்கிளின் டயரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைப் புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள்: குனிந்து கட்டைவிரலால் டயரை அழுத்துவார்கள். விரல் உள்ளே போகும். "காற்றே இல்லையே!" என்பார்கள். காற்று இருக்கிறது, வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறோம். இந்தச் சைக்கிளின் மொத்தச் சூட்சுமமும் அந்த விரல் உள்ளே போவதில்தான் இருக்கிறது.

கடையில் கிடைப்பதை வாங்கி ஓட்டுவது ஒரு வழி. நம் உடல் அளவுக்கும் நாம் ஓட்டும் பனிக்கும் ஏற்றபடி சொல்லிச் செய்துகொள்வது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியில் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் ஃபிரேமில்தான் தொடங்குகிறார்கள். இரும்பா, டைட்டானியமா, என்ன நிறம் என்று. பனிச் சைக்கிளில் அது தலைகீழான வேலை. முதலில் முடிவு செய்ய வேண்டியது டயர். டயர் ரிம்மைத் தீர்மானிக்கும். இரண்டும் சேர்ந்து, சக்கரத்தின் நடுவே அச்சைச் சுற்றியிருக்கும் ஹப்பைத் தீர்மானிக்கும். ஹப், பெடலைத் தாங்கும் கையான கிராங்கைத் தீர்மானிக்கும். இத்தனையும் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் இடத்தில்தான் ஃபிரேமின் குழாய்கள் புகுந்து போக வேண்டும்.

பனி எவ்வளவு தாங்கும்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆளும் சைக்கிளும் பையும் சேர்த்து 100 கிலோ. அதில் பின்சக்கரத்தின் மேல் 55 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். டயரில் 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்று இருந்தால், அது ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 2.1 கிலோ. 55 கிலோவைத் தாங்க டயர் 26 சதுர செ.மீ. அளவுக்குத் தரையில் பதிந்தால் போதும். ஒன்றரைத் தீப்பெட்டி அளவு இடம்தான் அது. தார்ச்சாலையில் இது போதும். பனியில் அந்த ஒன்றரைத் தீப்பெட்டி கத்திபோல் இறங்கிவிடும்.

இதே சக்கரத்தில் 5 பி.எஸ்.ஐ. மட்டும் வைத்தால்? சதுர செ.மீ.க்கு 0.35 கிலோ. இப்போது டயர் 157 சதுர செ.மீ. பதிகிறது. கிட்டத்தட்ட இரண்டு உள்ளங்கை அளவு. டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் நிஜத்தில் இந்த எண்கள் சற்று மாறும். ஆனால் விஷயம் மாறாது.

இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். 75 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார், பூட்ஸின் அடி சுமார் 200 சதுர செ.மீ. என்றால், பனிக்குக் கிடைக்கும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.37 கிலோ. அதுவும் ஏறக்குறைய 5 பி.எஸ்.ஐ.தான். அதனால்தான் கால் புதையாமல் நடக்க முடிகிற தடத்தில் ஃபேட் பைக்கும் ஓடும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கால் புதைகிற பனியில் அதுவும் புதையும்.

சரி, சாதாரண டயரிலேயே காற்றை 5 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். இறக்கினால் டயர் நசுங்கி ரிம் தரையில் இடிக்கும், திருப்பத்தில் டயர் மடிந்து ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். உயரமும் அகலமும் உள்ள டயரில்தான் இவ்வளவு குறைந்த காற்றில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி மிச்சமிருக்கும். அகலமான டயர் என்பதன் பொருளே இதுதான்: குறைந்த காற்றில் ஓட அனுமதி தரும் டயர். அகலமாக வாங்கிவிட்டு 20 பி.எஸ்.ஐ. அடித்து ஓட்டினால் கனத்தைச் சுமந்ததுதான் மிச்சம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பனிக்கட்டி வேறு, பனி வேறு. கண்ணாடிபோல் உறைந்த தரையில் அகலம் எதையும் காப்பாற்றாது. அங்கே கார்பைட் ஆணி பதித்த டயர் வேண்டும். நீங்கள் ஓட்டும் பாதையில் பகலில் உருகி இரவில் உறையும் இடங்கள் இருந்தால், ஆணி போட வசதியுள்ள டயரை முதலிலேயே தேர்ந்தெடுத்துவிடுங்கள். விழுந்து எழுந்த பிறகு யோசிக்க வேண்டாம்.

எங்கிருந்து வந்தது

அலாஸ்காவில் 1987-இல் இடிடாபைக் என்ற பனிக்காலச் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகள் போகும் தடத்தில் சாதாரண மலைச் சைக்கிளை ஓட்டினார்கள் என்பதைவிடத் தள்ளினார்கள் என்பதே சரி. தள்ளிக் களைத்தவர்கள் இரண்டு ரிம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டவைத்து அகலப்படுத்தினார்கள். ஃபேர்பேங்க்ஸ் நகரில் சைமன் ரேக்கோவர் 44 மி.மீ. அகலத்தில் ஸ்னோகேட் என்ற ரிம்மைச் செய்தார். அதே காலகட்டத்தில் தெற்கே, மெக்சிகோவின் மணற்பரப்புக்காக ரே மொலினா 82 மி.மீ. ரிம்மும் அதற்கேற்ற டயரும் செய்துகொண்டிருந்தார். பனிக்கும் மணலுக்கும் ஒரே மருந்து. 2005-இல் சர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற சைக்கிளை 65 மி.மீ. ரிம், 3.7 அங்குல டயரோடு கொண்டுவந்த பிறகுதான் எவரும் இதை வாங்கி ஓட்டலாம் என்ற நிலை வந்தது.

பக்ஸ்லியில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு யோசனை உண்டு. முன் ஹப், பின் ஹப் இரண்டும் ஒரே 135 மி.மீ. அகலம். முன்சக்கரத்தில் ஒரு ஒற்றைப் பல்சக்கரத்தைப் பொருத்தி வைத்துக்கொண்டால், நடுக்காட்டில் பின்சக்கரத்தின் ஃப்ரீவீல் (மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுழலவிடும் பொறி) உறைந்துபோனால் இரண்டையும் மாற்றிப் போட்டு வீடு வந்து சேரலாம். குளிரில் எது முதலில் கைவிடும் என்று தெரிந்தவர்கள் யோசித்த யோசனை அது. ஃப்ரீவீல் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

டயரை அளந்து பார்த்தபின் பேனாவை எடுங்கள்

வண்டி போய்ப்போய் இறுகிய தடத்தில் மட்டும் ஓட்டுபவருக்கு 4 அங்குலம் போதும். புதுப்பனி விழுந்த காலையிலும் போக ஆசைப்படுபவருக்கு 4.8 அங்குலம். ரிம் 65 முதல் 100 மி.மீ. வரை கிடைக்கும். 4 அங்குல டயருக்கு 65 முதல் 80, 4.8-க்கு 80 முதல் 100. குறுகிய ரிம்மில் பெரிய டயரைப் போட்டால் பல்ப் மாதிரி உப்பிக் குறைந்த காற்றில் தள்ளாடும். அகலமான ரிம்மில் சின்ன டயரைப் போட்டால் தட்டையாகி, திருப்பத்தில் பிடிக்க வேண்டிய ஓரப் பற்கள் வீணாகிவிடும். ரிம்மில் நடுவே பெரிய துளைகள் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எடை குறைக்கத்தான் அவை. டியூப் ஒன்றே அரைக் கிலோவை நெருங்கும் என்பதால் டியூப் இல்லாமல் ஓட்டுவது இங்கே நல்ல லாபம். ஆனால் உள்ளே ஊற்றும் அடைப்புத் திரவம் உங்கள் ஊர்க் குளிரில் உறையாத வகையாக இருக்க வேண்டும்.

26 அங்குல ரிம் என்றதும் சக்கரம் சிறியது என்று தோன்றலாம். 4.8 அங்குல டயரோடு அதன் வெளிவிட்டம் 760 மி.மீ. வரை வந்துவிடும். 29 அங்குலச் சைக்கிளின் சக்கரமும் அதே உயரம்தான்.

டயர் மேல் அச்சடித்திருக்கும் அகலத்தை அப்படியே நம்பி ஃபிரேம் வரைபவர்கள் பின்னால் வருத்தப்படுவார்கள். தேர்ந்தெடுத்த டயரைத் தேர்ந்தெடுத்த ரிம்மில் மாட்டி, டயரில் குறித்திருக்கும் உச்ச அளவுக்குக் காற்றடித்து, ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். டயரின் உள்ளே இருக்கும் துணி இழுபட்டு டயர் கொஞ்சம் வளரும். மறுநாள் வெர்னியர் காலிபர் வைத்து அளந்தால் கிடைப்பதுதான் உண்மையான அகலம். ஓரப் பற்களில் ஒருமுறை, பக்கச்சுவரில் ஒருமுறை என இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்.

இப்போது ஒரு பெரிய தாளில், நிஜ அளவிலேயே, மேலிருந்து பார்ப்பதுபோல் வரையுங்கள். நடுவே ஒரு கோடு. டயர் 120 மி.மீ. வந்திருக்கிறது என்றால் கோட்டின் இருபுறமும் 60. அதற்கு வெளியே பனி ஒட்டி உறைய ஒரு பக்கம் 8 மி.மீ.யாவது இடம் விடுங்கள். வறண்ட தரையில் 5 போதும் என்பார்கள். ஆனால் உறைந்த பனி ஃபிரேமின் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே வரும் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து செயின். பின் ஹப் பொதுவாக 177 மி.மீ. அல்லது 197 மி.மீ. அகலத்தில் வருகிறது. 177-இல் செயினின் நேர்க்கோடு நடுக்கோட்டிலிருந்து சுமார் 66 மி.மீ. தள்ளி ஓடும். 197-இல் சுமார் 76. மிகப் பெரிய பல்சக்கரம், அதாவது மேடு ஏறும் கியர், அந்தக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 20 மி.மீ. உள்ளே இருக்கும். பின் அச்சிலிருந்து கிராங்க் வரை 440 மி.மீ. என்றால், டயரின் அகலமான இடம் சுமார் 320 மி.மீ. தூரத்தில் வரும். 177 ஹப்பில் அந்த இடத்தில் செயின் ஏறக்குறைய 60 அல்லது 61 மி.மீ.யில் ஓடுகிறது. டயரோ 60 வரை வந்து நிற்கிறது. செயினுக்கு அரை அகலமே 3 மி.மீ. இருக்கிறதே! மேடு ஏறும்போதெல்லாம் செயின் டயரை உரசும். அதே கோட்டை 197 ஹப்புக்குப் போட்டுப் பாருங்கள்: செயின் 70-இல் ஓடுகிறது, நடுவே 7 மி.மீ. இடம். ஒரு ஸ்கேலும் பென்சிலும் அரைமணி நேரத்தில் சொல்லிவிடும் இந்த விஷயம், வெல்டிங் முடிந்த பிறகு தெரிந்தால் ஒரு ஃபிரேமே வீண்.

அகலத்துக்கு உடம்பு கொடுக்கும் விலையும் இந்த வரைபடத்திலேயே தெரியும். செயின் வெளியே போனால் கிராங்கும் வெளியே போகும். சாலைச் சைக்கிளில் இரண்டு கிராங்கின் பெடல் முகங்களுக்கு இடையே சுமார் 150 மி.மீ. ஃபேட் பைக்கில் 200-க்கு மேல். சாதாரண மலைச் சைக்கிளில் 68 அல்லது 73 மி.மீ. இருக்கும் பாட்டம் பிராக்கெட் குழல் (கிராங்கின் அச்சு சுழலும் குழல்) இங்கே 100 மி.மீ. ஆகிறது. பலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். இடுப்பு ஒடுங்கியவர்களுக்கும் ஏற்கெனவே முழங்கால் தொந்தரவு உள்ளவர்களுக்கும் பழகாமல் போகலாம். யாரிடமாவது ஒரு ஃபேட் பைக்கை இரவல் வாங்கி இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் ஃபிரேமுக்குச் சொல்லாதீர்கள். முழங்கால் ஒத்துக்கொள்ளாது என்றால் 4 அங்குல டயர், 177 ஹப் என்று அடங்கிவிடுங்கள். ஒத்துக்கொள்ளும் என்றால் என்னுடைய கருத்து, ஃபிரேமை 4.8-க்கே செய்யுங்கள். பெரிய இடத்தில் சின்ன டயர் போடலாம், சின்ன இடத்தில் பெரிய டயர் போக வழியே இல்லை.

கியர் விஷயத்தில் தாராளமாக இறங்கிப் போகலாம். முன்னால் 28 பல், பின்னால் 50 பல் என்றால் ஒரு மிதிக்குச் சைக்கிள் 1.3 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்குச் சுமார் 5 கி.மீ. நடக்கும் வேகம்தான். மென்மையான பனியில் சீராக, அதிராமல், அந்த வேகத்தில் மிதிக்கத் தெரிந்தவர்தான் கடைசி வரை ஓட்டிக்கொண்டிருப்பார்.

இப்போது ஃபிரேம்

மலைச் சைக்கிளின் வரைபடத்தை அகலப்படுத்தினால் பனிச் சைக்கிள் ஆகிவிடாது. இறுகிய தடத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள், நிலை தடுமாறி ஒரு காலை ஊன்றுகிறீர்கள். தடத்தின் ஓரத்தில் கால் முழங்கால் வரை இறங்கும். அப்போது மேல்குழாய் எங்கே இருக்கிறது என்பது மிக முக்கியமான கேள்வி ஆகிவிடுகிறது! அதனால் மேல்குழாயைக் கீழே வளைத்தோ சரித்தோ தாழ்த்த வேண்டும். முக்கோணத்துக்குள் பை மாட்டும் இடம் இதனால் குறையும். நீண்ட தூரம் போகிறவர்கள் இதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கிராங்கின் உயரத்தைச் சற்றுக் கூட்டி வையுங்கள். குறைந்த காற்றில் டயர் அமுங்குவதால் வண்டி ஒன்றரை, இரண்டு செ.மீ. இறங்கிவிடும். போதாததற்குப் பனித் தடம் நடுவில் குழிந்திருக்கும், பெடல் இருபக்கமும் இடிக்கும். முன் ஃபோர்க்கின் சரிவு 68, 69 டிகிரி வாக்கில் இருக்கட்டும். இன்றைய மலைச் சைக்கிள்களைப்போல் அதிகம் சாய்த்தால், மெதுவாகப் போகும்போது முன்சக்கரம் தானாகப் பக்கவாட்டில் சாயப் பார்க்கும். பனியில் நாம் பெரும்பாலும் மெதுவாகத்தான் போகிறோம். பின்பாகத்தை மிகவும் குட்டையாக்கவும் வேண்டாம். எடை முழுவதும் பின்சக்கரத்தில் இறங்கி அது தோண்டிக்கொண்டு உள்ளே போகும்.

ஸ்பிரிங் ஃபோர்க் வேண்டாம். கடுங்குளிரில் அதன் எண்ணெய் கெட்டியாகி, ரப்பர் வளையங்கள் விறைத்து, அது அசையாத பாரமாக மாறும். நேரான கெட்டி ஃபோர்க், 150 மி.மீ. ஹப், 15 மி.மீ. அச்சு. இருபுறமும் பை மாட்டத் திருகுத் துளைகள். இதுவே நிறைவாக இருக்கும்.

எதில் செய்வது? முதல் ஃபிரேமுக்குக் குரோமோலி, அதாவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த இரும்பு. வளைக்கலாம், வெட்டலாம், தவறினால் திருத்தலாம். உப்புத் தூவும் சாலைகளில் ஓட்டுவதாக இருந்தால் குழாய்களின் உட்புறம் துருத் தடுப்பு எண்ணெய் தடவியே ஆக வேண்டும். டைட்டானியம் துருப்பிடிக்காது, அழகாகவும் இருக்கும், ஆனால் வெல்டிங் செய்யும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயு நிரப்ப வேண்டிய பொருள் அது. கைதேர்ந்தவர்களிடம் மட்டும் கொடுங்கள்.

ஃபிரேம் செய்பவரைச் சோதிக்கும் இடம் ஒன்று உண்டு: கிராங்குக்குச் சற்றுப் பின்னால், வலப்பக்கம். அங்கே டயரின் விளிம்பு, முன் பல்சக்கரம், கிராங்கின் கை, நடுவே பின் அச்சுக்குப் போகும் அடிக்குழாய் என நான்கும் ஒரே இடத்துக்குச் சண்டை போடுகின்றன. குழாயை அங்கே நசுக்கி ஒல்லியாக்கலாம். அல்லது குழாய்க்குப் பதிலாக ஒரு தடித்த இரும்புத் தகட்டை வைக்கலாம். நான் தகட்டின் பக்கம். நசுக்கிய குழாய் வலுவிழக்கும் இடத்தில்தான் நம் மிதியின் முழு பாரமும் விழுகிறது. குழாய்களை அசையாமல் பிடிக்கும் ஜிக்கில் பூட்டிப் புள்ளி வெல்டு மட்டும் வைத்த நிலையில், முழு வெல்டிங்குக்கு முன், அந்த நிஜ டயரையும் கிராங்கையும் செயினையும் மாட்டிச் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல கைவினைஞர் நீங்கள் கேட்காமலே செய்வார்.

குளிர் செய்யும் வேலைகள்

ஃப்ரீவீலுக்கு வருகிறேன். அதன் உள்ளே சின்னச் சின்ன நாக்குகள், அவற்றை மேலே தள்ளும் மெல்லிய ஸ்பிரிங்குகள். கடுங்குளிரில் உள்ளே இருக்கும் சாதாரண கிரீஸ் மெழுகாகி நாக்குகளைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு இது ஒருமுறை நடந்தது. ஒரு மிதி, பெடல் முன்னும் பின்னும் காற்றில் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. வீட்டிலிருந்து 6 கி.மீ. தூரம், இருட்டு. அன்றிலிருந்து பனிக்காலம் தொடங்கும் முன் ஹப்பைப் பிரித்து, பழைய கிரீஸைச் சுத்தமாகத் துடைத்து, குளிருக்கென்றே வரும் மெல்லிய கிரீஸை விரல் நுனி அளவு மட்டும் தடவுகிறேன்.

பிரேக்கில் எண்ணெய் வகையா, கம்பி வகையா என்று ஒரு பழைய விவாதம் உண்டு. மினரல் எண்ணெய் கடுங்குளிரில் கெட்டியாகி லீவர் மெதுவாகத் திரும்பும். டாட் (DOT) என்ற வகைப் பிரேக் திரவம் அதைவிடக் குளிர் தாங்கும். மிகக் கடுமையான இடங்களில் பலர் கம்பி டிஸ்க் பிரேக்கையே நம்புகிறார்கள், நடுவழியில் கையாலேயே சரிசெய்யலாம் என்பதால். கம்பி போட்டால், உறையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை வெட்டாமல் போடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு துளி நீர் போனால் உறைந்துவிடும்.

ஹேண்டிலில் கையை நுழைத்துக்கொள்ளும் பெரிய உறைகளை மாட்டினால், உள்ளே மெல்லிய கையுறை போதும், விரல்கள் பிரேக்கையும் கியரையும் உணரும். பெடல் தட்டையாக, பெரிதாக இருக்கட்டும். காலணியைப் பூட்டும் பெடலில் பனி அடைத்துக்கொள்ளும், அதன் உலோகம் உள்ளங்காலின் சூட்டை உறிஞ்சும்.

கடைசியாக, மறுபடியும் காற்று. கதகதப்பான வீட்டுக்குள், 20 டிகிரியில், அளவாக 5 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்குப் போகிறீர்கள். அழுத்தக் காட்டி காட்டும் 5 என்பது வெளிக்காற்றின் அழுத்தமான 14.7-க்கு மேல் உள்ள அளவு. ஆக உள்ளே மொத்தம் 19.7. குளிரில் அது ஏறக்குறைய 14 சதவீதம் சுருங்கி 17 ஆகிறது. 14.7-ஐக் கழித்தால் மிச்சம் வெறும் 2.3. துளிகூட வெளியே கசியாமலே பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது! புதிதாக ஓட்டுபவர்கள் பஞ்சர் என்று நினைத்துத் திரும்பி வருவது இதனால்தான். சைக்கிளை அரைமணி நேரம் வெளியே நிறுத்திக் குளிரவிட்ட பிறகு அளவு பாருங்கள். சாதாரண பம்பின் காட்டியில் 2-க்கும் 5-க்கும் வித்தியாசம் தெரியாது. 15 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டும் சின்னக் காட்டி ஒன்று சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

இறுகிய தடத்துக்கு 6 முதல் 8, மென்மையான பனிக்கு 3 முதல் 5 என்று தொடங்கலாம். அப்புறம் எண்ணை விட்டுவிட்டுத் தடத்தைப் பாருங்கள். ஐம்பது அடி ஓட்டிவிட்டு இறங்கித் திரும்பிப் பார்த்தால், டயரின் பற்கள் முத்திரை குத்தியதுபோல் பனியின் மேல் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும். அது பள்ளமாக விழுந்திருந்தால் வால்வை அழுத்தி ஐந்து எண்ணும் வரை காற்றை விடுங்கள். பக்கச்சுவரில் மெல்லிய சுருக்கங்கள் தெரியும், தெரியட்டும். மறுபடி ஐம்பது அடி. அப்போதும் ஓர் அங்குலத்துக்கு மேல் பள்ளம் விழுகிறது என்றால், மற்றவர்கள் நடக்கவும் சறுக்கவும் போட்டு வைத்த தடத்தை நாம் கெடுக்கிறோம். இறங்கித் தள்ளிக்கொண்டு வந்த வழியே திரும்புங்கள். இரவு குளிர் ஏறித் தடம் இறுகிய பின், மறுநாள் விடியற்காலையில் அதே இடத்தில் அதே காற்றில் வண்டி மிதந்து போகும்.